அப்பாவுக்கு, டெல்லி டிக்கெட் விஷயமா

அப்பா,

அம்மாவோட வருஷ திதி அன்னிக்கு, சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் ஹால்ல உக்காந்திருக்கும்போது பசங்களைக் கூப்பிட்டு "டிசம்பர் லீவுல தாத்தா உங்களை டெல்லிக்குக் கூட்டிட்டுப் போறேன், ஒரு எடம் விடாம நானே காட்றேன்"னு சொன்னீங்களே, அதுக்கு நான் ஏன் அப்படிக் கத்துனேன்னு அங்க இருந்த யாருக்கும் புரியல. உங்களுக்குப் புரிஞ்சுதான்னு எனக்கு இன்னும் தெரியல. அத்தனை பேர் முன்னாடி கத்தியிருக்கக் கூடாது, அது சரிதான். ஆனா அன்னிக்குப் போய் அந்த வார்த்தையை நீங்க சொல்லியிருக்கவும் கூடாது.

ஃபோன்ல பேசினா "சாப்டியா, மாத்திரை போட்டீங்களா"ன்னு ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடுவோம், அதான் எழுதுறேன். பெரியப்பா வீட்ல இதைப் படிப்பாங்க, ஃபேமிலி குரூப்ல யாராவது தூக்கிப் போடுவாங்க, எல்லாம் தெரியும். அதனால சிலதைப் பாதியில விட்டுடுவேன், மீதி உங்களுக்கே தெரியும்.

மொதல்ல ஒண்ணு. நீங்க பசங்ககிட்ட சொன்ன லிஸ்ட்ல பாதி இப்ப அங்க இல்ல. அப்பு கர் பொழுதுபோக்குப் பூங்காவை 2008லயே மூடிட்டாங்க. இந்தியா கேட் வளைவுக்கு அடியில எரிஞ்சுக்கிட்டிருந்த அமர் ஜவான் ஜோதியை 2022 ஜனவரியில பக்கத்துல இருக்கிற போர் நினைவுச்சின்னத்து ஜோதியோட சேத்துட்டாங்க. ராஜ்பத்துங்கிற பேரே மாறி கர்த்தவ்ய பத்னு ஆயிடுச்சு. குதுப்மினார்கிட்ட இருக்கிற அந்த இரும்புத் தூணை முதுகு காட்டிக் கட்டிப்பிடிக்கிறதெல்லாம் முடியாது, 1997ல சுத்தி வேலி போட்டுட்டாங்க. நாம போனது 94 மே மாசம், அப்ப வேலி இல்ல, ஆளாளுக்குக் கட்டிப்பிடிச்சுப் பாத்ததுல இடுப்பு உயரத்துல அந்த எடம் மட்டும் பளபளன்னு இருக்கும். நீங்க சட்டைக் கையை மடிச்சுவிட்டுட்டு, முதுகைத் தூணோட ஒட்டி, ரெண்டு கையையும் பின்னாடி சுத்தி, ஒரு சாண் எட்டாம, மூஞ்சியெல்லாம் செவந்துபோய் நிக்கிற ஃபோட்டோ இன்னும் என்கிட்ட இருக்கு. அந்த ஃபோட்டோல இருக்கிற ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்பா. அந்த ஆள்தான் இடார்சி ஸ்டேஷன்ல தண்ணி பிடிக்க எறங்கி, வண்டி நகர ஆரம்பிச்சதும் நானும் தம்பியும் ஜன்னல்ல முட்டிக்கிட்டு அழ, குடத்தைக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு ஓடிவந்து வேற பெட்டியில ஏறி, கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி சிரிச்சிக்கிட்டு வந்தாரு. குடத்துல பாதித் தண்ணிதான் இருந்துச்சு, மீதி உங்க பேண்ட்ல.

ஆனா அந்த ஃபோட்டோ எடுத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நடந்ததுதான் எனக்கு மறக்கவே மாட்டேங்குது.

அம்மா அந்த ஊர்ல வளந்தவ. இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, ஆனா அந்தப் பயணத்துல நீங்க அதை மறந்த மாதிரியே இருந்தீங்க. நம்ம வீட்ல குரல் ஒசத்தாத அம்மா, நியூ டெல்லி ஸ்டேஷன் வாசல்ல ஆட்டோக்காரன்கிட்ட ஹிந்தியில சடசடன்னு பேசி பாதி ரேட்டுக்கு எறக்குனதை நானும் தம்பியும் வாயைப் பொளந்து பாத்துக்கிட்டிருந்தோம். உங்க மொகம் போன போக்கையும் பாத்தேன். அதுக்கப்புறம் எங்க போனாலும் "நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்". கையில டெல்லி-ஆக்ரா கைடு புக்கு. ஆபீஸ்ல பயணச் செலவு குடுக்கிற எல்டிசில போறோம், நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் கெடைக்கும், ஒரு எடமும் விட்டுடக்கூடாதுன்னு உங்களுக்கு. அது எனக்குப் புரியாம இல்ல. அந்த சம்பளத்துல வேற எப்படி நாலு பேரை அவ்ளோ தூரம் கூட்டிட்டுப் போறது. செங்கோட்டை, ராஜ்காட், பிர்லா மந்திர், தாமரைக் கோயில், ரயில் மியூசியம்னு காலையில கெளம்பினா ராத்திரிதான் திரும்புவோம், நெருப்பு மாதிரி லூ காத்து, நீங்க துண்டை நனைச்சு நனைச்சு எங்க தலையில போட்டுவிடுவீங்க. முனிர்க்காவுல இருந்த அம்மா வீட்ல பாட்டி சாதத்தை மூடி வெச்சுட்டு, கூலர் முன்னாடி வெட்டிவேர் வாசனையில உக்காந்து தூங்கி வழிஞ்சிக்கிட்டிருப்பாங்க. தாத்தா விடிகாலையிலயே என்னை எழுப்பி மதர் டெய்ரி பூத்துக்குக் கூட்டிட்டுப் போவாரு, அந்த டோக்கனை நான்தான் போடணும், தூக்குல பால் கொட்டுறதைப் பாக்கணும், திரும்பி வந்தா நீங்க பசங்களுக்கு ஷூ மாட்டச் சொல்லி அவசரப்படுத்துவீங்க. தாத்தாவோட எனக்குக் கெடைச்சதே அந்த நேரம் மட்டும்தான். ஒரு நாள் சாயங்காலம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி வெச்சிருந்தாரு, அங்க மேல "யாமிருக்க பயமேன்"னு எழுதியிருக்கும், ஹிந்தி ஊர்ல தமிழ் எழுத்தைக் காட்டுறேன் வான்னு. அதுக்கு நேரமே வரல.

"ஒரு நாள் வீட்ல இருங்களேன் மாப்ள"ன்னு அவர் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? அதை இங்க எழுதல.

சரி, குதுப்மினார். நீங்க கைடு புக்கைப் பிரிச்சு வெச்சிக்கிட்டு உயரம் 72.5 மீட்டர், 379 படி, குத்புதீன் ஐபக் ஆரம்பிச்சு இல்துமிஷ் முடிச்சதுன்னு வாசிச்சிக்கிட்டிருந்தீங்க. தூண் துருப்பிடிக்காததுக்குக் காரணம் சுத்தமான இரும்புன்னு கூட சொன்னீங்க (அதுல இருக்கிற பாஸ்பரஸ்தான் காரணமாம், சரி விடுங்க). அம்மா அண்ணாந்து பாத்துட்டு, மொத மாடத்தைக் காட்டி, "ஸ்கூல்ல படிக்கும்போது நான் அதுவரைக்கும் ஏறியிருக்கேன்டி"ன்னா என்கிட்ட. உங்ககிட்ட இல்ல, என்கிட்ட. படி நடுவுல தேஞ்சு குழிஞ்சிருக்கும், உள்ள இருட்டா இருக்கும், செவுத்தைத் தடவிக்கிட்டே ஏறணும், எதிர்ல எறங்குறவங்களுக்கு ஒடம்பைச் சாய்ச்சு வழி விடணும்னு சொல்லிக்கிட்டே கையால செவுத்தைத் தடவுற மாதிரி காட்டினா. நீங்க புக்குலேருந்து தலையைத் தூக்கி, "கதவு பூட்டியிருக்குல்ல, உள்ள விடமாட்டான்னு இதுல போட்டிருக்கு, பசங்ககிட்ட கதை விடாத"ன்னீங்க. பக்கத்துல இன்னொரு தமிழ்க் குடும்பம் நின்னுக்கிட்டிருந்தாங்க, அந்த அங்கிள் சிரிச்சாரு. நீங்களும் சிரிச்சீங்க. நானும் தம்பியும் சிரிச்சோம், பத்து வயசுல அப்பா சிரிச்சா சிரிக்கிறதுதானே.

அம்மா எதுவும் சொல்லல. "அப்புறம்தான் மூடுனாங்க"ன்னு ஆரம்பிச்சா, எங்க ரெண்டு பேரையும் பாத்தா, அதோட நிறுத்திட்டா. அங்க புல்தரையில ஒரு கல் மண்டபம் தனியா உக்காந்திருக்கும், ஸ்மித்னு ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் 1828ல மினார் உச்சியில வெச்சது, சகிக்கலன்னு 1848ல எறக்கித் தரையில வெச்சுட்டாங்க. அதுகிட்ட போய் உக்காந்துக்கிட்டா. நாங்க மிச்சத்தையெல்லாம் பாத்துட்டு வர்ற வரைக்கும் எழுந்திருக்கவே இல்ல. "வெயில் தாங்கல"ன்னா. டெல்லி வெயில்ல வளந்தவ.

போன மாசம் பசங்களுக்காக எந்தெந்த எடம் தெறந்திருக்கும்னு தேடிக்கிட்டிருந்தப்பதான் படிச்சேன். 1981 டிசம்பர் 4 வரைக்கும் மொத மாடம் வரை ஏற விட்டிருக்காங்க. அன்னிக்கு உள்ள கரண்ட் போய், இருட்டுல படியில நெரிசலாகி, 45 பேர் செத்துப் போயிருக்காங்க, அதுல முக்காவாசி ஸ்கூல் பசங்க. அதுக்கப்புறம்தான் பூட்டு. அது நடந்தப்ப அம்மா டெல்லியிலதான் இருந்தா, அடுத்த வருஷம்தான் உங்க கல்யாணம். அவளுக்கு அது தெரியாம இருக்கவே முடியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க வாயை அடைச்சிருக்கலாம். நாங்க ரெண்டு பேரும் கீழ நின்னு அந்த வாசலையே பாத்துக்கிட்டிருந்தோம், எங்க காதுல அது விழ வேணாம்னுதான் முழுங்கியிருப்பான்னு எனக்குத் தோணுது. தோணுறது மட்டும்தான். கேக்கலாம்னா அவ இல்ல.

அதுக்கப்புறம் நம்ம வீட்ல அம்மா டெல்லியைப் பத்திப் பேசினா "ஆரம்பிச்சுட்டா குதுப்மினார் கதையை"ன்னு நீங்க சொல்லுவீங்க, எல்லாரும் சிரிப்போம். எத்தனை வருஷம் ஓட்டுனோம். சித்தி கூட சொல்லுவாங்க (சித்தி, படிச்சா கோவிச்சுக்காதீங்க, விளையாட்டாத்தான் சொன்னீங்கன்னு தெரியும்).

நீங்க கெட்டவர்னு சொல்ல வரல. தாத்தா அடுத்த ஜனவரியில தவறிப்போனப்ப அம்மாவைத் தனியா ஏத்திவிட்டதுக்கு நீங்க சொன்ன காரணம், பசங்களுக்கு ஸ்கூல், ஒருத்தர் இருக்கணும், நியாயம்தான். அவ போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துச்சு, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, ரெண்டு ராத்திரி வண்டி, பிளேன்ல அனுப்ப அன்னிக்கு யார்கிட்ட காசு இருந்துச்சு. அவ திரும்பி வந்தப்ப ஸ்டேஷன்ல நீங்க ஒண்ணும் பேசாம அவ பையை வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டதையும் நான் பாத்திருக்கேன். கடைசி வருஷம் ஆஸ்பத்திரியில நீங்க பாத்த மாதிரி நானோ தம்பியோ பாக்கல, அதை யார் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா அங்கயும், டாக்டர் அவகிட்ட கேக்குற கேள்விக்கெல்லாம் நீங்கதான் பதில் சொன்னீங்க. அவளுக்கு எங்க வலிக்குதுன்னு கூட நீங்கதான் சொன்னீங்க.

இதுக்கு மேல இங்க வேணாம்.

டிக்கெட் போட்டுட்டேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், உங்களுக்கு லோயர் பெர்த்து. முனிர்க்கா வீட்டை மாமா எப்பவோ வித்தாச்சு, அதனால ஹோட்டல்தான். மேப்ல பாத்தேன், இப்ப முனிர்க்காவுக்கே மெட்ரோ போகுது, அங்க எறங்கி அந்த பிளாக்கை வெளியிலருந்தாவது பசங்களுக்குக் காட்டிட்டு, அப்படியே மலை மந்திர். அந்த ஒரு நாள் முழுக்க அதுக்குத்தான், வேற எதுவும் பாக்கப் போறதில்ல. செங்கோட்டைல நீங்க என்ன வேணா சொல்லுங்க, எத்தனை மணி நேரம் வேணா சொல்லுங்க, பசங்களுக்கு உங்க பேச்சு பிடிக்கும். ஸ்வெட்டர் ரெண்டு எடுத்துக்கோங்க, மங்கி கேப்பு வேணாம்னு அடம் பிடிக்காதீங்க, டிசம்பர் டெல்லியை நீங்க பாத்ததில்ல.

குதுப்மினார்ல மட்டும் ஒண்ணு. பாட்டி அதுவரைக்கும் ஏறியிருக்கான்னு பசங்ககிட்ட நீங்கதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன். முடியாதுன்னா இப்பவே ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க, இப்ப கேன்சல் பண்ணா முக்காவாசி காசு திரும்பி வரும்.