எங்கள் கதையைத் தமிழிலும் கேளுங்கள்

நினைவுத் தொகுப்புக் குழுவினருக்கு வணக்கம்.

ஐ.நா. அமைதிப் பணிக்குப் போய்வந்த மலையகத்துச் சிப்பாய்களின் அனுபவங்களை நூலாக்கப் போகிறீர்கள் என்றறிந்து மகிழ்ந்தேன். வினாப்பத்திரத்தைப் பார்த்ததும் மகிழ்ச்சி பாதியாகிவிட்டது. எல்லாம் சிங்களத்தில். எனக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். நாற்பது வருடம் கொழுந்து பறித்த என் அம்மாவுக்குத்தான் தெரியாது. எங்கள் தோட்டத்தில் 'அமைதிப்படை' என்றாலே 1987இல் வந்த இந்தியப் படைதான். நானும் அமைதிப்படையில் இருந்தேன் என்றால், அப்போது உனக்கு எத்தனை வயது என்று கேட்கிறார்கள்!

பதக்கங்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். 'மறக்க முடியாத சம்பவம்' என்பதற்கு இரண்டே வரி. 2010 ஜனவரி 12ஆம் திகதியை இரண்டு வரியில் எப்படி அடக்குவது? ஹெய்ட்டியில் நிலநடுக்கத்தால் லெயோகான் நகரமே சரிந்து கிடந்தது. நான் தண்ணீர் பவுசர் சாரதி. 'த்லோ, த்லோ' என்று சனம் மொய்த்தது. அவர்கள் பாஷையில் தண்ணீர். ஒரு சிறுமி கேனை நிரப்பியதும் குடிக்கவில்லை. ஒரு கை நீரள்ளி, தரையில் உட்கார்ந்திருந்த பாட்டியின் இமையில் அப்பியிருந்த சுண்ணாம்புத் தூசியைக் கழுவினாள். பிறகு என்னைப் பார்த்து 'பிளான்' என்றாள். வெள்ளைக்காரன் என்று அர்த்தம். வெளிநாட்டார் யாரையும் அப்படித்தான் அழைப்பார்களாம். எங்கள் லயத்தில் எனக்குக் 'கறுப்பன்' என்று பட்டப்பெயர். இதைக் கேட்ட அம்மா வெற்றிலை புரையேறச் சிரித்தார்.

உங்கள் வினாக்களில் 2007 இல்லை. பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டின் பேரில் நூற்றுக்கும் அதிகமான இலங்கைப் படையினர் ஹெய்ட்டியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஆண்டு அது. அதன் பிறகு போனவன் நான். தண்ணீருக்குப் பெண்பிள்ளைகளை அனுப்பிவிட்டு, தாய்மார் எங்கள் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நிற்பார்கள். எனக்கு அது சுட்டது. ஆனாலும் அவர்கள் செய்தது சரி. அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுத்தான் நூல் வருமென்றால் என்னையும் விட்டுவிடுங்கள்.

2019 ஜனவரியில் மாலியில் குண்டுவெடித்து இறந்த நம் படையினர் இருவருக்கும் நூலில் இடம் கொடுங்கள்.

இங்கே எனக்குத் தெரிந்தே நான்கு பேர் இருக்கிறோம். லெபனானில் சமையற்கட்டில் நின்றவர் எழுத உட்காரமாட்டார், பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். படிவம் வேண்டாம், தமிழ் தெரிந்த ஒருவரை ஒலிப்பதிவுக் கருவியோடு அனுப்புங்கள். ஞாயிறு என்றால் எல்லோரும் வீட்டில் இருப்போம். பின்னேரம் பனி இறங்கிவிடும், காலையிலேயே வரச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இராணுவச் சாரதி,
ஹப்புத்தளை