தொலைந்ததாகச் சொன்ன புத்தகங்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி

அன்புடைய பழைய மாணவர்களுக்கும், இன்றைய மாணவர்களுக்கும், உடன் பணிபுரியும் ஆசிரியர்களுக்கும், இந்தக் கல்லூரியில் ஒரு நாள்கூடப் படிக்காமல் உதவிக்கு மட்டும் வந்தவர்களுக்கும்,

வணக்கம்.

டிசம்பர் வெள்ளம் புகுந்த நம் கல்லூரி நூலகத்தின் கீழ்த்தளம் இந்த ஜூன் மாதம் மறுபடியும் திறந்துவிட்டது. இந்த மடலை ஜனவரியிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆறு மாதமாகக் கையில் பசையும் தையல் ஊசியுமாகவே இருந்துவிட்டேன், பொறுத்தருள்க.

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்ட நேரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்பதையெல்லாம் பிறகுதான் படித்தோம். தாமிரபரணி கரையேறித் திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் வந்துவிட்டது என்பது மட்டும் அன்று தெரிந்தது. செவ்வாய்க்கிழமை முழங்கால் தண்ணீரில் போய் நூலகப் பூட்டைத் திறந்தேன். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறி உப்பி, அடுக்கையே பிதுக்கிச் சாய்த்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தன. நான்கு பையன்கள் தோள் கொடுத்துத் தள்ளித்தான் உள்ளே போனோம். அந்த நால்வருக்கும் முதல் நன்றி. அவர்களில் இருவர் அதுவரை நூலக அட்டையே எடுக்காதவர்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

விடுதியில் தங்கியிருந்த மாணவிகள் படிக்கட்டில் வரிசையாக நின்று புத்தகங்களைக் கை மாற்றி மாடிக்கு ஏற்றினார்கள். அந்த வரிசையின் நடுவில் நின்றவளுக்குக் காயல்பட்டினம் சொந்த ஊர். வீட்டுக்குப் போன் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கிடைக்கவில்லை. "நீ போய் உட்காரம்மா" என்றேன். "உட்கார்ந்தால்தான் சார் பயமாக இருக்கிறது" என்றாள். மூன்றாம் நாள் அவள் வாப்பாவின் குரல் போனில் கேட்டபோது நாங்கள் எல்லோருமே வேலையை நிறுத்திவிட்டோம்.

பிள்ளைகள் முதலில் புத்தகங்களை மொட்டை மாடியில் பரப்பத்தான் போனார்கள். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரம் அது. பணி ஓய்வு பெற்ற வரலாற்றுத் துறைத் தலைவர், எண்பதைத் தாண்டியவர், போனிலேயே சத்தம் போட்டார்: "வற்றல் போடுகிறீர்களா, புத்தகத்தைக் காயவைக்கிறீர்களா?" நேர் வெயிலில் தாள் முறுகிக் கோணிவிடும். நிழலில், காற்றில், புத்தகத்தைச் செங்குத்தாக விரித்து நிறுத்தி, இருபது முப்பது பக்கத்துக்கு ஒரு வெற்றுத்தாள் செருகி, அது ஈரத்தை உறிஞ்சியதும் மாற்ற வேண்டும். அச்சான செய்தித்தாளைச் செருகினால் மை ஒட்டிக்கொள்ளும். அச்சிடாத தாளுக்கு எங்கே போவது என்று விழித்தபோது, அச்சகம் வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் உருளை உருளையாகக் கொண்டுவந்து இறக்கினார். விலை கேட்டேன். "தேர்வுத்தாள் அடித்த காசெல்லாம் இங்கேதானே வாங்கினேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எத்தனை பேர் நின்றாலும் அத்தனையையும் ஒரே நேரத்தில் காயவைக்க முடியாது. இரண்டு நாள் ஈரத்தில் கிடந்தாலே பூஞ்சணம் பிடித்துவிடும். உறையவைத்தால் பூஞ்சணம் நிற்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம் என்றார் அதே பேராசிரியர். பாளையங்கோட்டையில் ஐஸ்கிரீம் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு முன்னாள் பொருளாதார மாணவர் தன் குளிர்பதன அறையையும் ஜெனரேட்டரையும் தந்தார். "மார்கழியில், அதுவும் இந்த மழையில் ஐஸ்கிரீம் யார் கேட்கப் போகிறார்கள்?" என்றார். ஐம்பது ஐம்பதாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி, வெனிலாவுக்கும் பட்டர்ஸ்காட்சுக்கும் நடுவே தமிழ் இலக்கணத்தை அடுக்கினோம். பங்குனி வெயில் வந்த பிறகும் அவர் ஒரு மூலையை எங்களுக்காக ஒதுக்கியே வைத்திருந்தார். அதில் அவருக்கு எவ்வளவு நட்டம் என்று இன்றுவரை சொல்லவில்லை.

சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். விடுமுறைக்குச் சம்பளம் இல்லாதவர்கள் இவர்கள். விழா மேடையில் இவர்களுக்கு நாற்காலி போடுவதும் நம் வழக்கமில்லை. அரையாண்டு விடுப்பு முழுவதும் தாள் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்தான். அடுத்த விழாவில் நாற்காலி போடுகிறோமா என்று பார்க்கத்தான் போகிறேன்.

விடுதிச் சமையல்கார அக்கா, கடைத்தெரு திறக்காத அந்த நாட்களில் கிடைத்த காயையெல்லாம் போட்டுக் கூட்டாஞ்சோறு ஆக்கி அறுபது பேருக்குப் போட்டார். நெல்லை டவுனில் பைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, மாலையில் வந்து மாணவர்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார். மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அண்டாது என்பது அவர் தந்த பாடம். ஓர் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் சேதத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கும் நன்றி, படங்கள் தெளிவாக வந்திருந்தன.

எவ்வளவு செய்தும் போனவை போய்விட்டன. வழவழப்புத் தாளில் அச்சான புத்தகங்கள் ஒட்டிப் பலகையாகிவிட்டன. பழைய வினாத்தாள் தொகுதிகளும் போயின. சென்னைப் பல்கலைக்கழகம், 1966க்குப் பிறகு மதுரை, 1990க்குப் பிறகு மனோன்மணியம் சுந்தரனார் என்று மூன்று காலமும் அதில் இருந்தன. நம் பழைய மாணவரிடம் எந்தப் பல்கலைக்கழகப் பட்டம் என்று கேட்டாலே வயது தெரிந்துவிடும்.

போன புத்தகங்களின் பட்டியலைப் பழைய மாணவர் சங்கத்துக்கு அனுப்பினேன். பணம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது. கூடவே புத்தகங்களும் வரத் தொடங்கின. கடையில் வாங்கியவை அல்ல. நம் கல்லூரி முத்திரையும் தேதிச் சீட்டும் உள்ள நம் புத்தகங்கள்.

1992இல் நான் இங்கே பணிக்குச் சேர்ந்தேன். புத்தகம் தொலைந்துவிட்டது என்று கடிதம் எழுதிக் கொடுத்து, விலையைக் கட்டி, நிலுவை இல்லாச் சான்று வாங்கிப் போனவர்களின் கடிதங்கள் எல்லாம் என்னிடம் உண்டு. அந்தக் கோப்பு மேல்தட்டில் இருந்ததால் தப்பியது. 1994இல் ஒரு வரலாற்று மாணவர், கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றின் மறுபதிப்பைத் 'திருச்செந்தூர் ரயிலில் தவறவிட்டுவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். (அந்தத் தடத்தில்தான் இந்த வெள்ளத்தில் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் நின்றுபோனது.) பிப்ரவரியில் அவரே நேரில் வந்தார். தலை நரைத்திருந்தது. ஒரு கையில் அந்தப் புத்தகம், மறு கையில் அல்வாப் பொட்டலம். "முப்பது வருடம் கழித்து மறுபடியும் எனக்கு அல்வாவா?" என்றேன். சிரிக்க முயன்றார், முடியவில்லை. நம் அடுக்கில் இருந்த இன்னொரு பிரதி சேற்றில் கூழாகிவிட்டது. ரயிலில் தொலைந்த பிரதிதான் இப்போது வாசகர்களுக்குக் கிடைக்கிறது.

இப்படி வந்தவை மொத்தம் நாற்பத்தொன்று. சில கூரியரில், அனுப்புநர் பெயரே இல்லாமல் வந்தன. ஒன்றில், இருபது ஆண்டுக்கு முன் நான் சிவப்பு மையில் எழுதி அனுப்பிய கடுமையான நினைவூட்டு அட்டை பக்க அடையாளமாகச் செருகியிருந்தது. எத்தனை பேரை அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன்! நீங்கள் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருந்தால் இந்த நாற்பத்தொன்றும் கீழ்த்தட்டில் இருந்திருக்கும். நன்றி. இன்றைய மாணவர்கள் இந்தப் பத்தியைப் படிக்காமல் கடந்துபோகக் கேட்டுக்கொள்கிறேன்.

கோப்பில் இருக்கும் கடிதங்களில் இன்னும் ஆறுக்குப் புத்தகம் வரவில்லை. யார் எழுதியவை என்று இங்கே சொல்லமாட்டேன். நூலகம் சனிக்கிழமையும் பகல் ஒரு மணி வரை திறந்திருக்கும். அபராதம் கிடையாது.

அன்புடன்,
நூலகர்