அப்பாட கல்வெட்டு எழுதப்போற மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பாட 31ஆம் நாளுக்குக் குடுக்கிற நினைவுப் புத்தகத்தை, அதுதான் கல்வெட்டை, நீதான் எழுதுறாய் எண்டு தம்பி சொன்னான். நீ அனுப்பின பக்கங்களை வாசிச்சன். அதில அப்பா இருக்கிறார், அண்ணன் இல்லை. உனக்குத் தெரிஞ்சது அவர்ட பிந்தின பாதி. முந்தின பாதி அவர்ட தங்கச்சிமாரான ரெண்டு மாமிமாரிட்டயும் சித்தப்பாட்டயும் இருக்கு. அதை வாங்காமல் அச்சுக்குக் குடுக்காதே புள்ள.

நம்ம மட்டக்களப்புப் பக்கத்தில வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் சீதனம். தங்கச்சிமார்ட வீட்டுக்குக் கூரை ஏறும் வரைக்கும் அண்ணன்ட உழைப்பு அங்கதான் போகும். அதைத்தான் கேட்கணும். அத்திவாரம் எந்த வருசம் போட்டது? கல் எங்க அரிஞ்சது? ஓடு எந்தப் போகத்துக் காசில வந்தது? எத்தனையாம் வகுப்போட பள்ளிக்கூடம் விட்டவர், ஆருக்காக? "அண்ணனைப் போல ஆர் வருவா" எண்டு சொல்லி அழுவாங்க. அழட்டும். மறுகா திரும்பக் கேளு. வருசம் நினைவில்லாட்டி, சூறாவளிக்கு முந்தியா பிந்தியா எண்டு கேளு. 1978 நவம்பர் 23ஐ இஞ்ச ஆரும் மறக்கேல்ல. சின்ன வயசுக் கதைக்கு 1957 வெள்ளம், பிந்தினதுக்கு 2004 சுனாமி. மாமிமாரைத் தனித்தனியாக் கேளு. ஒண்டா இருந்தா மூத்தவ சொல்றதுக்கெல்லாம் இளையவ தலையாட்டுவா.

"கடின உழைப்பாளி, பண்பாளர்" எண்ட வரியை எடுத்துப்போடு. அது எல்லார்ட கல்வெட்டிலயும் கிடக்கு. எந்த வட்டையில, எந்த வயல்வெளியில, எத்தனை ஏக்கர் வேளாண்மை, சொந்தமா குத்தகையா, எந்த வருசம் தண்ணியில்லாமல் கருகினது, அந்த வருசம் வீடு எப்படி ஓடினது எண்டு எழுது. வாசிக்கிறவங்களுக்கு மற்றது தானா விளங்கும்.

"திருக்கோவிலைப் பிறப்பிடமாகவும் களுவாஞ்சிகுடியை வதிவிடமாகவும் கொண்ட" எண்டுதான் வரணும். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில மாவட்டம் மட்டக்களப்பு எண்டு இருக்கிறதைப் பார்த்துக் குழம்பாதே. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல.

வம்ச மரத்தில நீ பேரனார், அப்பாட அப்பா, வழியா மேல போயிருக்கிறாய். அதை மட்டும் போட்டாக் காணாது. இஞ்ச குடி, அதுதான் வம்சப் பிரிவு, தாய்வழி. அப்பாட குடி உனக்கும் தம்பிக்கும் வராது, மாமிமார்ட பிள்ளைகளுக்குத்தான் போகும். அப்பாட தாய், அவட தாய் எண்டு ஒரு கிளை மேல போகணும். மாமிமார்ட பிள்ளைகள் அந்தக் கிளையில அவருக்குக் கீழ நிக்கணும், ஓரத்தில இல்லை.

இறந்த திதியைச் சொல்ற திதி வெண்பாவைப் பாடுறவருக்கு நாளை மட்டும் அனுப்பாதே, உயிர் பிரிஞ்ச நேரமும் வேணும். ஒரு திதி 19 மணித்தியாலத்தில இருந்து 26 மணித்தியாலம் வரைக்கும் நிக்கும், நடுச்சாமத்திலயும் மாறும். அப்பா போனது இஞ்ச விடியப்பறம் 2.10க்கு. உங்களுக்கு அப்ப முந்தின நாள் பின்னேரம். கனடா நேரத்தை எழுதிப்போடாதே. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சிலவேளை திதி வேறுபடும். வீட்டில எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறமோ அதையே பிடி, ஆண்டுத் திவசமும் அந்தத் திதியிலதான் வரும். வெண்பா வந்தாப்போல பேருக்கு முன்னால நீயா எழுத்துச் சேர்க்காதே, தளை தட்டி வெண்பாட ஓசை கெட்டுப்போகும். மாத்தணுமெண்டா பாடினவரிட்டயே சொல்லு.

படங்களை வாட்ஸ்அப்பில சும்மா அனுப்பினா சுருங்கி, அச்சில முகம் கலங்கும். டொக்கியுமென்ட்டா அனுப்பு. கல்யாணப் படம் கண்ணாடியோட ஒட்டிப்போய் இருக்கு, அதை உரிச்செடுக்கச் சொல்லாதே. தம்பி அதை நிழலில வச்சு, பிளாஷ் இல்லாமல் கண்ணாடியோட எடுப்பான். தங்கச்சிமார் ரெண்டு பேரும் அண்ணனோட நிக்கிற படம் ஒண்டு சின்ன மாமியிட்ட இருக்கு, அது கட்டாயம் வேணும்.

ஒரு தாளை மடிச்சா நாலு பக்கம். அதால 16, 20, 24 எண்டுதான் பக்கம் வரணும். அச்சகத்தில பாமினி எண்ட பழைய எழுத்துருவுக்கு மாத்தினா கொம்பும் காலும் பிரிஞ்சு நிக்கும். பிடிஎஃப் வாங்கி ஒராள் வாசிக்க மற்றாள் பார்க்கணும். முதல்ல பார்க்கிறது "காலஞ்சென்ற" எண்ட சொல்லை. உயிரோட இருக்கிற ஒருத்தருக்கு முன்னால அது விழுந்தா என்ன சொல்லியும் ஆறாது. போனவருக்கு விடுபட்டாலும் அந்த வீட்டில நோகும். 20ஆம் நாளுக்குள்ள எல்லாம் அச்சகத்துக்குப் போயிரணும், திருத்தத்துக்கு நாள் வேணும்.

முதல்ல மூத்த மாமிக்கு எடு. உங்கட இரவு 9 மணிக்கு இஞ்ச விடிய ஆறரை. தேத்தண்ணி குடிச்சிட்டு வாசல்லதான் இருப்பா.

அம்மா