காப்பியை விடுவது குறித்து

அன்புள்ள கமலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மார்பக ஸ்கேனில் ஃபைப்ரோசிஸ்டிக் மாற்றங்கள்தாம் (நார்த்திசுத் தடிப்பும் நீர்க்கட்டிகளும்), புற்றுநோய் இல்லை என்று வந்திருப்பது பெரிய ஆறுதல். ஆனால், காப்பியால்தான் இந்தக் கட்டியும் வலியும் என்று உன் நாத்தனார் சொன்னதற்காகக் காப்பியை ஒரேயடியாக நிறுத்திவிட்டுத் தலைவலியோடு படுத்திருக்கிறாயே, அதற்காகத்தான் உடனே எழுதுகிறேன்.

காப்பியின் மேல் இந்தப் பழி விழுந்தது 1979இல். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக அறுவை மருத்துவர் ஜான் மின்டன், காப்பி, தேநீர், கோலா, சாக்லேட் ஆகியவற்றை விட்ட பெண்கள் பலருக்கு மார்பகக் கட்டியும் வலியும் குறைந்ததாக எழுதினார். அவர் பார்த்த பெண்களோ சிலர். விட்டவர்களையும் விடாதவர்களையும் சீட்டுப் போட்டுப் பிரிக்கவும் இல்லை. 1982இல் கலிஃபோர்னியாவில் 158 பெண்களை அப்படிப் பிரித்து நான்கு மாதம் பார்த்தபோது, கிடைத்த பலன் மிக அற்பமாகவே இருந்தது.

இந்த மாற்றங்கள் மாதவிலக்குச் சுழற்சியோடு தாமாகவே ஏறி இறங்குபவை என்பதால், எதை விட்டாலும் அதனால்தான் குறைந்தது என்று தோன்றும். நான் அறுவைப் பிரிவில் செவிலியராக இருந்தபோது, விலக்குக்கு முந்தைய வாரத்தில் முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படுகிறது என்று வருபவர்களை எங்கள் பெரிய டாக்டர், “தலைக்குக் குளித்த பிறகு வாம்மா” என்று சொல்லி அனுப்புவார். திரும்பி வரும்போது பலருக்கு அந்த இடம் இளகியிருக்கும்.

உணவில் ஓரளவு சான்று இருப்பது கொழுப்பைக் குறைப்பதற்குத்தான். கனடாவில் நடத்தி 1988இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், கொழுப்பை மொத்தக் கலோரியில் 15 விழுக்காடாகக் குறைத்த பெண்களுக்கு ஆறு மாதத்தில் வலியும் வீக்கமும் தணிந்தன. தேங்காயும் நல்லெண்ணெயும் புழங்கும் உன் சமையலறையில் அது நடக்கிற காரியமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். மார்பக வலிக்கு ஈவினிங் பிரிம்ரோஸ் (ஒரு பூச்செடியின் விதை எண்ணெய்) மாத்திரையை நம் ஊரில் இன்னும் எழுதித் தருகிறார்கள். பலன் நிரூபணமாகவில்லை என்று பிரிட்டனில் மார்பக வலிக்கான அதன் உரிமத்தை 2002இலேயே விலக்கிக்கொண்டார்கள். அதற்குச் செலவழிக்கும் பணத்தில் அளவான, நன்றாகத் தாங்கும் உள்ளாடை வாங்கிக்கொள். வலிக்கு அது மெய்யாகவே உதவும்.

காலையில் ஒரு டம்ளர் காப்பி குடி. விட்டுப் பார்த்து உனக்கே சுகமாக இருந்தால் விடு, நான் தடுக்கவில்லை. ஆனால் விலக்கு முடிந்தும் கரையாத புதுக் கட்டி, காம்பில் இரத்தக் கசிவு, தோலில் குழி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பத்தியம் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் போய்விடு.

ஸ்கேன் அறிக்கையின் அடியில் ‘பைராட்ஸ்’ என்று, புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்பதைக் காட்டும் ஓர் எண் இருக்கும். அது 2 என்றால் கவலையில்லை. 3 என்றால் ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். எந்த எண் என்று பார்த்து எழுது.

அன்புடன்,
மீனாட்சி