பழைய பேப்பர் இல்லை, இருநூறு வருடத்து அச்சு: ஃப்ரேமிங் பணிமனை மீது புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், ராயபுரம், சென்னை 600013

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, தங்கள் ஃப்ரேமிங் நிறுவனம், மாதவரம் பணிமனை

பொருள்: மூன்று பழைய வேட்டை பிரிண்ட்களை வெட்டியும் ஒட்டியும் பாழாக்கியது, வெட்டிய ஓரங்களைத் திருப்பிக் கேட்பது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பதினோரு போன், நான்கு மெயில், மாதவரத்துக்கு மூன்று நடை. இத்தனைக்கும் பிறகு என் புகார் உங்கள் ஆப்பில் "தீர்க்கப்பட்டது" என்று பச்சை நிறத்தில் நிற்கிறது. அதனால் இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். இதையாவது யாராவது ஒருவர் உட்கார்ந்து கடைசி வரி வரை படிக்க வேண்டுகிறேன்.

நான் கொடுத்தது மூன்று பிரிண்ட். இரண்டு, கேப்டன் வில்லியம்சனின் வரைவுகளை வைத்து சாமுவேல் ஹாவிட் வரைந்து, லண்டனில் எட்வர்ட் ஓர்ம் 1807-இல் வெளியிட்ட இந்திய வேட்டைத் தொகுப்பின் 40 வண்ணத் தட்டுகளில் உள்ளவை. ஒன்றில் மடக்கப்பட்ட புலி, இன்னொன்றில் கரும்புக் காட்டிலிருந்து பன்றியை விரட்டும் காட்சி. மூன்றாவது, ஹென்றி ஆல்கனின் நரி வேட்டை. மூன்றும் கையால் வண்ணம் தீட்டிய அக்வாடின்ட், அதாவது செப்புத் தட்டில் நுண்ணிய மணிமணியாக அரித்து, நீர்வண்ணம்போல நிழல் வரவைக்கும் பழைய அச்சு.

'கன்சர்வேஷன்' பேக்கேஜ் என்றால் என்ன என்று நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதை விற்பது நீங்கள். ஆர்டர் படிவத்தில் உங்கள் பெரம்பூர் கிளை ஊழியர் தன் கையாலேயே எழுதி முத்திரை வைத்தது இது: அமிலம் இல்லாத பருத்தி மவுண்ட் போர்டு, விண்டோ (படம் தெரிய போர்டில் வெட்டும் திறப்பு), தட்டின் பதிவுக்கு (அச்சுத் தட்டு தாளில் அழுத்திய தடத்துக்கு) வெளியே கால் அங்குலம் விட்டு, கீழே உள்ள எழுத்து வரி தெரியும்படி, தாளின் மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் கீல் (தாளைத் தொங்கவிடும் சிறு பட்டை), கோதுமை மாவுப் பசையில், கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி, புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி. பில் 14,750 ரூபாய். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டிவிட்டேன்.

வந்தது என்ன? புலியும் பன்றியும் போர்டோடு போர்டாக, சூட்டு பிரஸ்ஸில் வைத்து ட்ரை மவுண்ட் (சூட்டில் இளகும் பசையால் தாள் முழுவதையும் ஒட்டுவது) செய்யப்பட்டிருக்கின்றன. அதற்கு முன்னால் நான்கு பக்கமும் கத்தி போட்டிருக்கிறார்கள். உங்களிடம் ரெடியாக இருந்த பீடிங் (ஃப்ரேம் சட்டம்) சைஸுக்குப் பொருந்தவில்லையாம். பீடிங்குக்காகத் தாளை வெட்டுவார்களா? செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுகிற வேலை அல்லவா இது!

வெட்டிய ஓரத்தில் என்ன இருந்தது என்பது உங்கள் பணிமனைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கீழ் ஓரத்தில் படத்தின் பெயர், வரைந்தவர், செதுக்கியவர் பெயர்கள், அதற்கும் கீழே வெளியிட்டவர் பெயரும் தேதியும். 1735-இல் வந்த இங்கிலாந்துச் சட்டப்படி, பதிப்புரிமை வேண்டுமென்றால் தட்டிலேயே பெயரும் தேதியும் செதுக்க வேண்டும். அதனால்தான் அந்த வரி இருக்கிறது. இடது ஓரத்தில் வாட்மன் என்ற தாள் தயாரிப்பாளரின் நீர்க்குறி, ஆண்டோடு. அதே செப்புத் தட்டுகளை வைத்துப் பின்னால் மறுபடியும் அச்சடித்திருக்கிறார்கள். தட்டில் உள்ள தேதி அப்படியே பழையதாக இருக்கும். தாள் முந்தையதா பிந்தையதா என்று சொல்வது வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிற அந்த நீர்க்குறிதான். அது போய்விட்டால் ஆதாரமே போய்விட்டது. என்னைக் கேட்டால் ஒரு நூலகத்தையே கொளுத்தியதற்குச் சமம்.

தட்டின் பதிவும் போயிற்று. ஈரத்தாளைச் செப்புத் தட்டின் மேல் வைத்து உருளையில் அழுத்தும்போது படத்தைச் சுற்றி ஒரு பள்ளம் விழும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலும் தெரியும். பழைய பிரிண்ட் வாங்குகிறவன் முதலில் தேடுவது அதைத்தான். உங்கள் பிரஸ் அதை இஸ்திரி போட்டதுபோல் சமமாக்கிவிட்டது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் கண்ணாடியில் பார்த்தால் புலியின் முதுகில் அக்வாடின்ட் மணிகள் இன்னும் இருக்கின்றன, வெடித்த வண்டல் மண்போல வலைவலையாக. அது ஒன்றுதான் மிச்சம். வெறும் கண்ணால் பார்க்கிறவர் ஆஃப்செட் காலண்டர் படம் என்றுதான் நினைப்பார்.

இதைத்தான் உங்கள் கஸ்டமர் கேரில் பேசியவரிடம் பத்து நிமிடம் விளக்கினேன். அவர் சொன்ன பதில்: "பழைய பேப்பர்தானே சார், எதுக்கு இவ்ளோ டென்ஷன்? கலர் ஜெராக்ஸ் போட்டு அதே ஃப்ரேம்ல வெச்சுக் குடுத்துடறோம்." சொல்லிவிட்டு லைனைத் துண்டித்தார். அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும். போட்டுக் கேளுங்கள். பழைய பேப்பராம்! அப்படியென்றால் கன்சர்வேஷன் என்று தனியாகப் பணம் வாங்கியது எதற்கு?

ஆல்கன் பிரிண்ட்டை வெட்டவில்லை, அதற்கு நன்றி. ஆனால் நான்கு மூலையிலும் செல்லோ டேப், பின்னால் ஸ்ட்ரா போர்டு (வைக்கோல் அட்டை), முன்னால் கண்ணாடி தாளோடு ஒட்டி. ராயபுரத்தில் கடல் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும். ஈரத்தில் தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும். மேல் ஓரத்தில் மட்டும் தொங்கினால் அதற்கு அசைய இடம் இருக்கும். நான்கு மூலையும் பிடித்தால் நடுவில் அலை அலையாக எழும்பிக் கண்ணாடியில் முட்டும். அங்கே பூஞ்சை பிடிக்கும், வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். டேப்பின் பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கும். ஸ்ட்ரா போர்டின் அமிலமும் தாளுக்கு ஏறி, தொட்டால் உதிரும்படி ஆக்கிவிடும்.

மூன்றாவது நடையைச் சொல்லாமல் விட முடியாது. "பதினோரு மணிக்குள் ஒரிஜினலோடு வாங்க, சூப்பர்வைசர் பார்ப்பார்" என்று உங்கள் மெசேஜ். மூன்று ஃப்ரேமையும் பெட்ஷீட்டில் சுற்றி, ஆட்டோவுக்கு 380 ரூபாய் கொடுத்து, மூலக்கடை சிக்னலில் லாரிகளுக்கு நடுவே கண்ணாடியை மடியில் பிடித்துக்கொண்டு வந்தால், சூப்பர்வைசர் லீவு. இரண்டு மணி நேரம் வாட்ச்மேன் நாற்காலி. கடைசியில் வந்த ஒரு தம்பி, "தண்ணில ஊறவெச்சா பிரிஞ்சுடும் சார்" என்றார். தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள். அந்த வண்ணம் கோந்து கலந்த நீர்வண்ணம். தண்ணீர் பட்டால் புலியே கரைந்து ஓடிவிடும். ட்ரை மவுண்ட்டைப் பிரிப்பது தாள் சீரமைப்பு தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லிருந்தே பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிற ஊர் இது. கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் இல்லை.

எனக்குச் சண்டை போடுகிற ஆசை இல்லை. பில் தொகையைத் திருப்பித் தர வேண்டும். இரண்டு பிரிண்ட்டையும் தகுந்தவரிடம் கொடுத்துப் பிரித்தெடுக்கும் செலவை ஏற்க வேண்டும். மதிப்பிழப்புக்கு மூன்று லட்சம் ரூபாய் தர வேண்டும். பதினைந்து நாளில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பில் 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை. படிவம், மெசேஜ், முன்னும் பின்னும் எடுத்த போட்டோ எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

ஆனால் பணத்துக்கு முன்னால் ஒன்று, இன்றைக்கே செய்ய வேண்டியது. வெட்டிய ஓரங்கள் எட்டு. கழிவு மூட்டை எடைக்குப் போகும் முன் தேடிப் பாருங்கள். கிரீம் நிறத்தில், நவீன தாளைவிடத் தடித்து, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். இரண்டில் சின்னச் சின்ன எழுத்து. கிடைத்தால் மடிக்காதீர்கள், ஸ்டேப்ளர் போடாதீர்கள், டேப்போ பெவிகாலோ தொடவே வேண்டாம். இரண்டு வெள்ளை ஒற்றுத்தாளுக்கு நடுவே தட்டையாக வைத்து, மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்துவிட்டு போன் செய்யுங்கள். நான்காவது நடையாக நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ராயபுரம் வாடிக்கையாளர்
(ஆர்டர் படிவம், பில் நகல்கள் இணைப்பு)