செவலையைத் தர மாட்டேன், கண்ணு

கண்ணு,

பாப்பாவுக்கு முதல் பிறந்தநாள் முடிந்த கையோடு நீ அனுப்பிய செய்தியில் இரண்டு கேள்வி இருந்தது. வீடு மாறும்போது நீ இங்கே விட்டுப் போன பூனை செவலையை ஓசூருக்குக் கூட்டிப் போகலாமா என்பது ஒன்று. உங்கள் அப்பார்ட்மென்ட் படிக்கு அடியில் யாரோ விட்டுப் போன பூனைக்குட்டியை எடுக்கலாமா என்பது இன்னொன்று. முதலாவது முடியாது. இரண்டாவது, தாராளமாக எடு. இதை வாட்ஸ்அப்பிலேயே சொல்லியிருக்கலாம். பொதுவில் எழுதுவதற்கு மன்னிப்பு என்றே வைத்துக்கொள். ஆனால் பள்ளிக்கூட லீவில் வீடு மாறுகிறவர்கள் ஒவ்வொரு வருசமும் இங்கே பழையபேட்டையில் ஏதாவது ஒரு பூட்டிய வாசலில் ஒரு பூனையை மிச்சம் வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். உனக்கு மட்டும் சொல்லி என்ன பயன்?

குட்டி விஷயம். உடம்பு சுத்தமாக, வயிறு உருண்டு இருந்தால் தாய் இரை தேடப் போயிருக்கும், தள்ளி நின்று சில மணி நேரம் பார்க்க வேண்டும். நீ அனுப்பிய படத்தில் கண்ணோரம் பீளை கட்டி, இடுப்பெலும்பு துருத்துகிறது. காத்திருக்காதே.

எடுத்ததும் பாலைத் தேடி ஓடாதே. முதலில் சூடு. உடம்பு சில்லிட்டிருந்தால் உள்ளே போனது செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வை; சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள மறுபக்கம் வேண்டும். பிறகு சமையலறைத் தராசில் நிறு. நாலு வாரக் குட்டி 400 கிராம் சுமாருக்கு இருக்கும், எட்டு வாரத்தில் 800, 900. பட்டினிக் குட்டி எடையில் ஏமாற்றும், அதனால் வாயைத் திறந்து பார்: கடைவாய்ப்பல் எட்டிப் பார்த்தால் மென்று தின்னும். பல்லே இல்லையென்றால் பூனைக்குட்டிக்கென்று விற்கிற பால்பவுடர்தான். பசும்பால் வயிற்றோட்டம் கொண்டுவரும், அவ்வளவு சின்ன உடம்பு ஒரே நாளில் வற்றிவிடும். ஊட்டும்போது குப்புற வை. மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போகும்.

தின்கிற வயசென்றால் கோழியை உப்பு மசாலா இல்லாமல் வேகவைத்து, எலும்பு நீக்கி, ஒரு நாளைக்கு நாலைந்து வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாக. குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுப்பது வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். கெண்டை மீனைப் பச்சையாகப் போடாதே, அது பி1 சத்தை அழிக்கும், வேகவைத்துக் கொடு. இதெல்லாம் முதல் சில நாளுக்கு. பிறகு பூனைக்குட்டித் தீனிக்கு மாற்று, வெறும் கோழியில் சுண்ணாம்புச் சத்து போதாது. களியும் மோரும் குடித்து வளர்ந்த பூனைகள் நம் ஊரில் இல்லையா என்பாய். இருக்கின்றன, எலி பிடித்து மிச்சத்தைச் சரிக்கட்டிக்கொள்கின்றன. மூன்றாவது மாடியில் எலி ஏது? டாரின் என்கிற சத்து இறைச்சியில்தான் கிடைக்கும். அது இல்லாவிட்டால் கண் போகும், இதயம் வீங்கும்.

தெள்ளுப்பூச்சிக்கு நாய்க்கு வாங்கின மருந்தைத் தடவாதே. பெர்மெத்ரின் என்று போட்டிருந்தால் பூனைக்கு எமன். காய்ச்சலென்று பாராசிட்டமாலும் கூடாது, ஒரு மாத்திரையே கொல்லும். எட்டு வாரம் ஆகும்வரை நெருக்கப் பல் சீப்பு போதும்.

இனி பாப்பா. இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன், உன் வீட்டார் படிப்பார்கள். நீங்கள் வீடு மாறின அன்றைக்கு வண்டிப் பக்கத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதற்குள் போகவில்லை. டாட்டா ஏஸில் சுருட்டிக் கட்டின மெத்தை மேல் செவலை ஏறி உட்கார்ந்திருந்தான். ஏழு மாத வயிற்றோடு நீதான் எக்கி அவனை இறக்கினாய். மதில் மேல் வைத்து, கழுத்துக்கடியில் ஒரு தடவை சொறிந்தாய். அந்த விரலைப் பார்த்ததால்தான் இவ்வளவு நாளும் உன்னை ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் பூனை முடி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பது பொய், கண்ணு. கிருமி இருப்பது மலத்தில். அதுவும் வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். மண் தட்டை வேறொருவர் தினமும் அள்ளிவிட்டால் பெரும்பகுதி பயம் தீர்ந்தது. அரைவேக்காட்டுக் கறியிலும் கழுவாத கீரையிலும் அதே கிருமி வரலாம். அதற்காக யாரும் அடுப்பைத் தெருவில் விட்டுவிட்டுப் போகவில்லை. தட்டை அள்ள அந்த வீட்டில் இன்னும் மூன்று ஜோடிக் கை இருந்தது. சரி, விடு.

பாப்பாவைக் கீறினாலோ கடித்தாலோ, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவு. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் அப்பாதே. அன்றே அரசு ஆஸ்பத்திரி. வெறிநோய்க்குத் தோலில் போடுகிற ஊசி 0, 3, 7, 28 என்று நாலு நாள். குட்டிக்கு எட்டு வாரத்திலிருந்து, மூன்று பூனை நோய்களைத் தடுக்கிற ட்ரைகேட் ஊசி, 16 வாரம்வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை; மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. குடல் பூச்சி மருந்து எடை பார்த்துத்தான், இரண்டு வாரம் கழித்து மறுபடியும். பெண் குட்டியாக இருந்தால் ஐந்து மாதத்துக்குள் கருத்தடை செய்துவிடு. சினைக்காலம் இரண்டு மாதம்தான், தள்ளிப்போட்டால் படிக்கு அடியில் இன்னும் நாலு குட்டி. பால்கனிக்கு முதல் வாரமே வலை.

செவலைக்கு வருவோம். "பூனை வீட்டோடதான் பழகும், ஆளோட பழகாது" என்று நீ எழுதியதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். அது உண்மையென்றால் பூட்டிய வீட்டு வாசலில் அவன் நிம்மதியாகத் தின்றிருக்க வேண்டும். தட்டை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போனான். வளர்ந்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேரும், பிறகு தீனி வைத்தாலும் திங்காது. வெதுவெதுப்பான கோழிச்சாற்றைப் பீச்சாங்குழலில் கடைவாயோரம் சொட்டுச் சொட்டாக விட்டுத்தான் மீண்டான். இப்போது மறுபடி இடம் மாற்றினால் இரண்டு மூன்று வாரமாவது ஒரே அறையில் அடைக்க வேண்டும், அவன் திரும்பவும் தட்டைவிட்டு விலகலாம். உன் ஆசைக்காக அந்தப் பரீட்சை வேண்டாம்.

அவனைப் பார்க்க வேண்டும்போல் இருந்தால் வா. பாப்பாவையும் தூக்கிக்கொண்டு வா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம். பூனைக் கூடை மட்டும் கொண்டு வராதே.

அக்கா