கிணற்றை அளந்த பிறகு சுரங்கம்

ஆசிரியருக்கு,

பெரிய தங்கச் சுரங்கங்களால் நிலத்தை இழக்கும் விவசாயிகள் பற்றிய தங்கள் செய்தியைப் படித்து மனம் பதறியது. தங்கம் தீர்ந்ததும் பாதிப்பும் தீர்ந்துவிடுவதில்லை. கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. தங்கத்தைப் பிரிக்கப் பயன்படுத்திய சயனைடு என்ற நஞ்சு கலந்த மண்மேடுகள் அப்புறமும் அங்கேயே நின்றன, காற்றடித்தால் புழுதி ஊருக்குள் வந்தது. சேலத்துக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். மேக்னசைட் என்ற வெள்ளைக் கனிமம் வெட்டும் குழியை ஒட்டிய எங்கள் காட்டில் சோளத்தட்டு வெள்ளைப் புழுதி படிந்து கிடக்கும். உதறிப் போட்டால்தான் மாடு வாய் வைக்கும்.

எந்தச் சுரங்கமானாலும் சரி, உரிமம் தருவதற்கு முன்பே சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் தண்ணீரின் தரத்தையும் அளந்து, கிராம சபையில் படித்துக்காட்டிப் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான், கிணறு வற்றும்போது விவசாயி நஷ்டஈடு கேட்க முடியும்.

– ஒரு விவசாயி, சேலம்